அரை மணி நேரத் துணை

டோக்கியோவில் பூனைக் கஃபேக்குப் போகிறவர் காபிக்காகப் போவதில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். அதனால் அங்கே விலையெல்லாம் நேரத்துக்குத்தான். அரை மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் யென், அதைத் தாண்டினால் பத்துப் பத்து நிமிடமாகக் கட்டணம் ஏறும். மூலையில் ஒரு இயந்திரம் இருக்கும்; காபியோ தேநீரோ எவ்வளவு பிடித்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, கையைக் கிருமிநாசினியால் துடைத்து, நுழைந்த நேரம் குறித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டும். அதற்குமுன் விதிகளைப் படிக்கச் சொல்வார்கள். தூங்குகிற பூனையை எழுப்பக் கூடாது. தூக்கக் கூடாது, துரத்தக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. சில கடைகளில் கழுத்தில் துணி கட்டிய பூனை என்றால் தொடவே கூடாது. அதற்கு அன்று மனம் சரியில்லை என்று பொருள்.

வீடியோ அழைப்பில் இதைச் சொன்னபோது அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு தாங்கவில்லை. “ஏஞ்சாமி, காசு குடுத்தா பூனையத் தடவிட்டு வர்றே? இங்க அது சும்மாவே வந்து கால உரசிட்டுக் கெடக்குது.” பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துபோகும் பூனைக்கு இன்றுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. மீன் அலசும் நாளில் வரும், குட்டி போட இடம் தேடும்போது வரும், மற்ற நாளில் எந்த வீட்டுப் பூனையோ.

இந்தக் கடைகள் ஜப்பானில் பிறந்தவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் கடை 1998-இல் தைவானில், தைப்பேயில் திறந்ததாம். அங்கே சுற்றுலா போன ஜப்பானியர்களுக்கு அது பிடித்துப்போய், 2004-இல் ஒசாகாவில் ஜப்பானின் முதல் பூனைக் கஃபே வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டோக்கியோவின் பெரிய ரயில் நிலையங்களைச் சுற்றி இரண்டாம் மாடி, ஐந்தாம் மாடி என்று முளைத்துவிட்டன. இதற்குச் சொல்லப்படும் காரணம் வாடகை வீடு. இங்கே வீட்டுத் தரகர் காட்டும் தாளில் சதுர மீட்டர், நிலையத்திலிருந்து நடை தூரம் ஆகியவற்றுக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும்: பிராணிகள் கூடாது, இசைக்கருவி கூடாது. நான் வீடு தேடிய நாட்களில் தரகர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, மிகுந்த மரியாதையோடு, “வெளிநாட்டவர் ஒருவர், பரவாயில்லைங்களா?” என்று கேட்டார். தாளில் அச்சடிக்காத மூன்றாவது வரி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியர்கள் இத்தனை பேர் குடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே யூஆர் என்ற அரசுசார் நிறுவனத்தின் அடுக்ககங்கள் நிறைய. எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை, ஜாமீன்தாரர் கேட்பதில்லை. ஆனாலும் பெரும்பாலான யூஆர் வீடுகளில் நாய், பூனைக்கு இடமில்லை.

வாடகை வீட்டை விடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஊரில் தனியாக இருப்பவர் மாதக்கணக்கில் ஒரு உயிரையும் தொடாமல் வாழ்ந்துவிட முடியும். பார்த்தால் குனிந்து வணக்கம். கடையில் காசைக் கையில் வாங்க மாட்டார்கள், சின்னத் தட்டில் வைக்க வேண்டும், மீதியும் பல இடங்களில் அந்தத் தட்டிலேயே வரும். தோசாய் ரயில் பாதையில் காலை நேரக் கூட்டம் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் கொள்ளளவைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. மூச்சு முட்ட எத்தனையோ உடம்புகள் அழுத்தும், அதைத் தொடுதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முடி வெட்டுகிறவர் தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துவிடும்போது, அட, மனிதக் கை என்று திடுக்கிட்டிருக்கிறேன். ஊரில் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சுவாக்கில் தொடையில் தட்டுவார். அப்போது அது எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆகவே பூனை. கஃபேயில் சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த கோழித் துண்டு விற்பார்கள். அதை வாங்கினவுடன் அறையில் உள்ள பூனைகள் எல்லாம் உங்கள் மடியில். கிண்ணம் காலியானதும் ஒன்றும் இருக்காது. புதிதாக வந்த சுற்றுலாப் பயணிகள் இதில் கொஞ்சம் நொந்துபோவார்கள். கூப்பிடுவார்கள், விரலைச் சொடுக்குவார்கள், இன்னொரு கிண்ணம் வாங்குவார்கள். வாடிக்கையாக வருகிறவர்களைக் கவனித்தால் வேறு மாதிரி இருக்கும். அவர்கள் பூனையைத் தேடிப் போவதில்லை. அலமாரியிலிருந்து ஒரு மாங்கா படக்கதைப் புத்தகத்தை உருவிக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுவார்கள். டை கட்டிய ஒருவர் அப்படியே தூங்கிப்போவார். இருபது நிமிடம் கழித்து ஒரு சாம்பல் பூனை எங்கிருந்தோ இறங்கி வந்து, அவர் முழங்காலில் முதுகை முட்டுக் கொடுத்துப் படுக்கும். படுக்காமலும் போகும். அதற்கும் சேர்த்துத்தான் ஆயிரம் யென்.

அந்தக் கடைகளில் எனக்குப் பிடித்தது அதுதான். சுவர் நெடுகிலும் தலைக்கு மேலே பலகைகள் அடித்திருப்பார்கள். வேண்டாம் என்றால் பூனை ஒரே தாவலில் மேலே ஏறிப் போய்விடும். யாரும் இறக்கக் கூடாது. போய்விட முடிகிற ஒன்று போகாமல் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் இருந்தது என்றால், அது எனக்காக இல்லாவிட்டாலும், ஜன்னல் வெயிலுக்காகவே இருந்தாலும், ஒரு பெறுமதி இருக்கிறது. மேலே ஏறும் வழி அடைபட்ட பூனை மடியில் கிடந்தால் அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு மற்ற கடைகளுக்குப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

ஆந்தைக் கஃபே என்பது ஒரு நீண்ட அறை. இருபுறமும் தாழ்ந்த கட்டைகளில் வரிசையாக ஆந்தைகள். ஒவ்வொன்றின் காலிலும் தோல் வார். ஓரிரு அடிக்கு மேல் நகர முடியாது. விரல்களை மடக்கிப் புறங்கையால் தலையை மட்டும் தடவ வேண்டும். களைத்த பறவையின் முன்னால் ‘ஓய்வு’ என்று ஒரு அட்டை வைப்பார்கள். அந்த அக்கறை போலி என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொரு பறவையின் உணவு எடையையும் குறித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அமைப்பே தப்பாக இருக்கும்போது அக்கறை எவ்வளவு தூரம் போகும்? ஆந்தைகளில் பலவும் இரவில் இயங்குபவை, இவை நண்பகலில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கின்றன. புல்லுக்குள் ஓடும் எலியின் சலசலப்பைக் கேட்டே பிடிக்கும் காதுகள்; அறையில் பாட்டு ஓடுகிறது, வருகிறவர்கள் கீச்சிடுகிறார்கள். இதைவிட என்னை உறுத்தியது ஒரு மூலை. பெரிய கொம்பன் ஆந்தை ஒன்று, அதற்கு நேர் எதிரே உள்ளங்கை அளவு சின்ன ஆந்தை. காட்டில் பெரியது சின்னதைப் பிடித்துத் தின்னும். இங்கே இரண்டும் நாள் முழுக்க ஒன்றை ஒன்று பார்த்தபடி. சின்னது கண்ணை இடுக்கி, உடலைக் குச்சிபோல் ஒடுக்கி, காது இறகுகளை நிமிர்த்தி நின்றது. கண்ணில் படாமல் மரக்கிளையோடு கிளையாகத் தெரிவதற்கு ஆந்தை செய்யும் உபாயம் அது. ஆபத்து என்று நினைக்கும்போது செய்வது. “பாரு, சிரிக்குது!” என்று என் பக்கத்தில் ஒரு பெண் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானியச் சட்டம் இந்த இடத்தில் ஒரு விசித்திரமான உருவம் எடுக்கிறது. நாய்களையும் பூனைகளையும் இரவு எட்டு மணிக்கு மேல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 2012-இல் விதி வந்தது. பூனைக் கஃபேக்காரர்கள் முறையிட்டு, வேலை முடிந்துதானே ஆட்கள் வருகிறார்கள் என்று வாதாடி, ஒரு வயது தாண்டிய பூனைகளுக்கு மட்டும் இரவு பத்து மணிவரை விலக்கு வாங்கினார்கள். பூனையின் தூக்கம் நிமிடக் கணக்கில் விவாதிக்கப்பட்டிருக்கிறது, நல்ல விஷயம். விதியில் இருப்பது நாயும் பூனையும் மட்டுமே. ஆந்தையின் பகலைப் பற்றி அதில் பேச்சில்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு நாய், பூனை தவிர்த்த பிற விலங்குகளை வைத்திருக்கும் கஃபேக்கள் ஜப்பானில் நூற்றுக்கும் மேல் என்று கணக்கிட்டது. அவற்றில் இருந்தவை நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள்.

முள்ளெலிக் கஃபே ஒன்று 2016-இல் டோக்கியோவின் ரோப்பொங்கியில் திறந்தபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. அங்கே தோல் கையுறை தருவார்கள். முள்ளெலிக்குத் தெரிந்த ஒரே மறுப்பு சுருண்டுகொள்வது. கையுறை அந்த மறுப்பை வாடிக்கையாளருக்கு வலிக்காமல் ஆக்கித் தருகிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நீர்நாய்க் கஃபே விஷயம் அப்படி ஒரு வரியில் முடிவதில்லை. கண்ணாடித் தடுப்பில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே நீங்கள் தீனியை நீட்டினால் உள்ளிருந்து ஐந்து விரலுள்ள ஈரமான குட்டிக் கை வந்து, உங்கள் விரல்களைத் துழாவி, எடுத்துக்கொண்டு போகும். கைகுலுக்குவதாக எல்லாரும் சொல்வார்கள். ஆற்றுக் கல்லுக்கு அடியில் நண்டையும் நத்தையையும் தடவிப் பிடிக்க அமைந்த கை அது. ஆசியச் சிறுநக நீர்நாய் என்ற இந்த இனம் எங்கள் ஊருக்கு மேலே, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகளிலும் இருக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பலமுறை போயிருந்தும் நான் அதைக் கண்டதில்லை. பார்க்கவும் அவ்வளவு எளிதல்ல, பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகே நடமாட்டம். டோக்கியோவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அதன் விரல் என் விரலைத் தொட்டது.

அந்த விலங்குகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் எல்லாம் இங்கேயே பிறந்தவை என்பார்கள். இருக்கலாம். 2017-இல் பாங்காக் விமான நிலையத்தில் ஜப்பானுக்குக் கிளம்பிய ஒரு பயணியின் பெட்டியில் பத்து நீர்நாய்க் குட்டிகள் பிடிபட்டதும் உண்மை. ஜப்பானில் தொலைக்காட்சியும் இன்ஸ்டாகிராமும் நீர்நாயைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. 2019-இல் பன்னாட்டு வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இந்த இனத்தைச் சேர்த்தார்கள், நாடுகளுக்கிடையிலான வணிகம் தடைபட்டது. இதில் என்னால் மறக்க முடியாதது வேறொன்று. ஜப்பானுக்கென்று ஒரு நீர்நாய் இருந்தது. தோலுக்காகவும் மருந்துக்காகவும் வேட்டையாடினார்கள், பிறகு ஆறுகளின் கரைகளைக் கான்கிரீட்டால் கட்டினார்கள். கடைசியாக அது உறுதியாகப் பார்க்கப்பட்டது 1979-இல், ஷிகொகு தீவின் கோச்சியில். 2012-இல் அழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. ஆறு ஏழே ஆண்டுகளில் இன்னொரு நாட்டு நீர்நாயின் கையைப் பிடிக்க டோக்கியோவின் ஹராஜூகுவிலும் இகெபுகுரோவிலும் வரிசை நின்றது.

இப்படி எழுதும்போது ஊரை உயர்த்திவைத்து இந்த நாட்டைத் தாழ்த்துவது சுலபம். அம்மா சொன்ன பூனையும் அப்படி நினைக்கத் தூண்டுகிறது. ஆனால் அந்தப் பூனையின் குட்டிகளில் எத்தனை தெருவைத் தாண்டி வளர்ந்தன என்று யாரும் எண்ணியதில்லை. சிறு வயதில் கோயில் யானையின் தும்பிக்கையில் நாணயத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றிருக்கிறேன். பொத்தென்று ஒரு கனமான மூச்சுக்காற்று உச்சியில் படும், உடம்பே சிலிர்க்கும். காசு கொடுத்து ஒரு காட்டு விலங்கின் தொடுகையை வாங்குவதுதான் அதுவும். யானையின் காலில் சங்கிலி இருந்தது. ஆந்தைக் கஃபேயில் தோல் வாரைப் பார்த்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தச் சங்கிலிதான். ஆசீர்வாதம் என்று பெயரிட்டதால் யானைக்கு ஏதும் இலகுவாகியிருக்காது.

வேலையாகத் தென் கொரியாவின் சோலுக்குப் போயிருந்தபோது, ஹொங்தே பகுதியில் ரக்கூன் கஃபே ஒன்றுக்கு உடன் வேலைபார்ப்பவர்கள் இழுத்துப் போனார்கள். ரக்கூன் தோளில் ஏறிச் சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவும். பேனா, சாவி, கைபேசி எது கிடைத்தாலும் சரி. சிரிப்பாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ரக்கூனைப் பற்றி ஜப்பானுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. 1977-இல் ‘அராய்குமா ராஸ்கல்’ என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. ஒரு சிறுவன், அவன் வளர்க்கும் ரக்கூன் குட்டி. பார்த்த குழந்தைகள் அடம்பிடிக்க, பெற்றோர் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான குட்டிகளை வாங்கினார்கள். குட்டி வளர்ந்தது, கடித்தது, கதவைத் திறக்கப் பழகியது. கார்ட்டூனின் முடிவில் சிறுவன் அதைக் காட்டில் விடுவான், இவர்களும் விட்டார்கள். இன்று நாட்டின் ஏறக்குறைய எல்லாப் பகுதியிலும் அது பரவி, சோளத்தையும் தர்பூசணியையும் தின்று, பழைய கோயில்களின் கூரைக்குள் குடியிருக்கிறது. பிடித்துக் கொல்லப் பணம் ஒதுக்குகிறார்கள். பிரியத்துக்குப் பின்னால் அடுத்த பதினைந்து வருடத்தை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

தென் கொரியா ஒரு முடிவெடுத்துவிட்டது. விலங்குக் காட்சியகமோ மீன் காட்சியகமோ அல்லாத இடங்களில் காட்டுயிர்களைக் காட்சிக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பிருந்தே நடத்துகிறவர்கள் முறைப்படி அறிவித்திருந்தால் 2027 டிசம்பர் வரை அவகாசம். அவர்களும் தொட விடக் கூடாது, தீனி கொடுக்க விடக் கூடாது. நாயும் பூனையும் இதில் வராது. நான் என் மனதில் போட்டு வைத்திருந்த கோடும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் விழுந்தது என்பதில் சின்ன மகிழ்ச்சி.

இப்போது நான் போவது மீட்புப் பூனைகளின் கஃபே ஒன்றுக்கு மட்டும். தெருவிலிருந்தோ, வளர்த்தவர் இறந்துபோன வீட்டிலிருந்தோ, அரசுக் காப்பகத்திலிருந்தோ எடுத்துவந்த பூனைகள். யாராவது தத்தெடுக்கும்வரை அங்கே இருக்கும். 2004-இல் ஜப்பானின் அரசுக் காப்பகங்களில் ஒரே ஆண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பூனைகளைக் கொன்றிருக்கிறார்கள். 2022-இல் அந்த எண் பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. கருத்தடை, சட்டத் திருத்தம் இவற்றோடு இத்தகைய இடங்களுக்கும் அதில் பங்குண்டு. பூனைகள் அழகாக இருக்காது. ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. ஒன்று யார் வந்தாலும் பீரோவுக்கு அடியில். நான் கொடுக்கும் கட்டணம் மருத்துவருக்குப் போகிறது என்பதால் என் அரை மணிக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் கடையை நடத்தும் பெண்மணி. அறுபதை நெருங்குகிறவர். கருப்பு வெள்ளைக் கிழப்பூனை ஒன்று நான் போனால் பக்கத்தில் வந்து உட்காரும். அதைக் கவனித்துவிட்டு, “எடுத்துக்கொள்ளுங்களேன், பிராணிகளை அனுமதிக்கும் வீடுகளும் இருக்கின்றனவே, வாடகை கொஞ்சம் கூடும்” என்றார். நான் விசாவைச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அம்மாவுக்கு வயதாகிறது, எப்போது ஊருக்குக் கிளம்புவேனோ தெரியாது. சொல்லும்போதே எனக்குக் கேட்டது. இதையே காரணமாகச் சொல்லித்தான் இங்கே ஒரு நல்ல கட்டில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டாரிடம் பெயரைத் தாண்டிப் பேசவில்லை. மொழியில்கூட அலுவலகத்துக்குப் போதுமான அளவோடு நிறுத்திக்கொண்டேன். போய்விட முடிகிற ஒன்று பக்கத்தில் இருப்பதுதான் துணை என்று பூனையை வைத்து நான் யோசித்ததெல்லாம் சரி. அந்த அறையில் எல்லாரையும் விடச் சுலபமாகப் போய்விடக் கூடியவன் நான்தான். அரை மணி, பத்து நிமிட நீட்டிப்பு, கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தால் முடிந்தது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இவ்வளவு கச்சிதமான உறவு வேறெங்கே கிடைக்கும்?

அந்த அம்மையாருக்கு என் தத்துவமெல்லாம் தேவைப்படவில்லை. விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். வீட்டின் வரைபடம், வேலை, சம்பளம், வீட்டில் இல்லாத நேரம். தனியாக வாழ்பவர்களுக்குப் பல அமைப்புகள் பூனை தருவதே இல்லை, வயதானவர்களுக்கும் அப்படித்தான். இவர் தருகிறார், ஒரு நிபந்தனையோடு. எனக்கு ஏதாவது ஆனாலோ நான் நாட்டை விட்டுப் போனாலோ பூனையை ஏற்றுக்கொள்ள ஜப்பானில் நிரந்தரமாக வசிக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குக் கேட்கிற ஜாமீன்தாரரைப்போலத்தான். வீட்டு விஷயத்தில் யூஆர் புண்ணியத்தில் தப்பித்துவிட்டேன். பூனை விஷயத்தில் அப்படித் தப்ப முடியாது.

“யாராவது இருப்பாங்க, யோசிங்க” என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார்.

யோசித்தேன். நிஷி கசாயில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என்னைப்போலவே விசாவில் இருப்பவர்கள். அவர்கள் வீட்டிலும் அதே இரண்டு வரி. எதிர் வீட்டுப் பாட்டி குப்பை போடும் நாள் தப்பினால் சொல்லிக்கொடுப்பார், அவருக்கு எண்பது வயது இருக்கும். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் உண்டு. மேசையில் இரண்டு பூனைகளின் படம் வைத்திருக்கிறார். வருடக்கணக்காக எதிரெதிரே பெந்தோ டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறோம், வானிலை பேசுகிறோம். கேட்டால் மறுக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது, அல்லது இந்த ஊர் வழக்கப்படி மறுப்பதை எனக்குப் புரியாதபடி மறுப்பார். அந்தத் தாளில் ஜாமீன்தாரரின் வீட்டு முகவரி எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அவர் எந்த நிலையத்தில் ரயில் ஏறி வருகிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மதியம் முதலில் அந்தப் பூனைகளின் பெயரைக் கேட்க வேண்டும்.